அம்மா பெயரில் ஒரு வரி

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் எங்கள் வீட்டில் இரண்டே இரண்டுதான். ஒன்று 1972இல் எடுத்த கல்யாணப் படம். இன்னொன்று பென்ஷனுக்காக எடுத்தது.

அந்த இரண்டாவது படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2005, தை மாதக் கடைசி. ஜூன் 30ஆம் தேதியோடு அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டயர் ஆக வேண்டும். செட்டில்மென்ட் பேப்பரோடு புருஷன் பெண்டாட்டி ஜோடியாக எடுத்த போட்டோ வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்மரி கேட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அம்மா அரக்குக் கலர் சின்னாளப்பட்டி கட்டியிருந்தாள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா" என்று ஸ்டுடியோக்காரர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அம்மா இருந்த இடத்திலேயே நின்றாள். கடைசியில் அப்பாதான் அரை அடி நகர்ந்து அம்மா தோளோடு தோள் உரச நின்றார்.

அந்தப் படம்தான் பிபிஓவில், அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையில், ஒட்டி, ஆபீஸ் முத்திரை பாதி அம்மா முகத்தில் விழுந்தபடி, பத்தொன்பது வருஷம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

2024 ஜூன் 11ஆம் தேதி விடியற்காலை அப்பா போய்விட்டார். வயது எழுபத்தெட்டு முடிந்து நடந்துகொண்டிருந்தது. காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, பிபிஓ எங்க இருக்குன்னு பாரு. அண்ணி பேரு அதுல எப்படி எழுதியிருக்குன்னு பாரு. முதல்ல அதைப் பாரு" என்றார். அவரும் ரயில்வேதான். எத்தனையோ வீடுகளில் இதற்காக அலைந்தவர். அவர் முகத்தில் இருந்த கவலை ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. பிபிஓவில் அம்மாவின் பெயர் "அம்மாள்" என்று முடிந்தது. ஆதாரில் வெறும் பெயர், இன்ஷியல் வேறு. பிபிஓவில் அம்மாவின் பிறந்த தேதிக்கான இடம் காலியாக இருந்தது.

இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்தக் காலி இடம்தான் காரணம். ரயில்வே பென்ஷன் வாங்கும் அப்பா உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அவரிடம் பிபிஓவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. டீச்சர் வேலை பார்க்கும் எனக்கும் தெரியாது.

அப்பா ரிட்டயர் ஆனபோது மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன். கடைசி அடிப்படைச் சம்பளம் 7,250 ரூபாய். குடும்ப ஓய்வூதியம் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். "ஏழாயிரத்து இருநூத்தம்பதுல முப்பது பர்சென்ட்னா ரெண்டாயிரத்துச் சொச்சம்தானே, அதை வச்சு அம்மா எப்படி?" என்று என் தம்பி பதறினான். அப்படியில்லை. ஒவ்வொரு சம்பளக் கமிஷன் வரும்போதும் பழைய ஆட்களின் சம்பளத்தையும் புது விகிதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஏழாவது கமிஷனில் அப்பாவின் கடைசிச் சம்பளம் 46,200 என்று ஆகியிருந்தது. அதில் பாதி, 23,100, அவர் பென்ஷன். அம்மாவுக்கு 30 சதவீதம், அதாவது 13,860. அதன்மேல் பஞ்சப்படி. அந்த மாதம் பஞ்சப்படி 50 சதவீதம். ஆக அப்பா கையில் 34,650 வந்துகொண்டிருந்த இடத்தில் அம்மாவுக்கு 20,790. யாருக்காக இருந்தாலும் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது.

தொகை குறைந்தது வருத்தம்தான். மருந்துச் செலவு ஒரு ஆளுக்குக் குறைந்தது, கரண்ட் பில்லும் கேஸும் குறையவில்லை. ஆனாலும் அது செத்துப்போன கணக்கில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பஞ்சப்படி ஏறுகிறது. அம்மாவுக்கு எண்பது முடிந்தால் அடிப்படையில் 20 சதவீதம் கூடும். எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50. நூறு வயதைத் தொட்டால் இரட்டிப்பு. இதற்குத்தான் பிறந்த தேதி. அந்த இடம் காலியாகக் கிடந்தால் எண்பது எப்போது முடிகிறது என்று பேங்குக்கு எப்படித் தெரியும்?

அப்பா பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டி வாங்கியிருந்தாரே, அந்தக் கடன் அம்மா தலையில் விடியுமோ என்றும் பயந்தோம். அந்தப் பயம் தேவையே இல்லை. கம்யூட்டேஷன் பிடித்தம் பென்ஷன் வாங்குபவரோடு முடிந்துவிடும். பதினைந்து வருஷம் ஆவதற்குள் அவர் இறந்துவிட்டாலும் மீதியைக் குடும்பத்திடம் கேட்கமாட்டார்கள். குடும்ப ஓய்வூதியம் குறையாமல் முழுசாக வரும். எங்களுக்கு 2020லேயே அது முடிந்திருந்தது.

ரிட்டயர் ஆகிக் கொஞ்ச காலத்திலேயே ஒருவர் இறந்துவிட்டால் கணக்கு வேறு. ஏழு வருஷம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரை மனைவிக்குக் கூடுதல் விகிதம், சம்பளத்தில் பாதி. அப்புறம்தான் 30க்கு இறங்கும். வேலையில் இருக்கும்போதே இறந்தால் அந்தக் கூடுதல் விகிதம் பத்து வருஷத்துக்கு. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு ஏழு வருஷம் முடிந்ததும் திடீரென்று தொகை இறங்க, யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதிருக்கிறார். பிபிஓவில் எந்தத் தேதி வரை எந்தத் தொகை என்று அச்சிட்டிருப்பதை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

இனி பேங்கு. எந்த பேங்கு என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள்.

அப்பாவின் பென்ஷன் கணக்கு அம்மாவோடு சேர்ந்த கணக்கு. இருவரில் யார் இருந்தாலும் எடுக்கலாம் என்ற வகை. இறப்புச் சான்றிதழ் கையில் வந்த அன்றே நானும் அம்மாவும் போனோம். முதல் நாள், "அம்மா பேருல தனியா புது அக்கவுண்ட் ஆரம்பிங்க, அப்பதான் மாத்த முடியும்" என்றார்கள். இரண்டாம் முறை, "வாரிசுச் சான்றிதழ் வேணும்" என்றார்கள். தாசில்தார் ஆபீஸில் அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் முறை போனபோது, பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள்.

முதல் இரண்டும் தேவையில்லாதவை. பிபிஓவில் மனைவி பெயர் இருந்து, கணக்கும் கூட்டுக் கணக்காக இருந்தால், இறப்புச் சான்றிதழும் ஒரு எளிய விண்ணப்பமும் அடையாளச் சான்றும் போதும். புதுக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய அரசின் ஓய்வூதியத் துறையே பேங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. சித்தப்பா அந்த ஆணையைப் பிரின்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலாவது முறை எங்களோடு வந்தார். குரலை உயர்த்தாமல், தாளை மேஜைமேல் விரித்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார். உள்ளேயிருந்து வந்த ஒரு இளம் பெண் அதிகாரி முழுவதையும் நின்றபடியே படித்துவிட்டு, "சரிங்க சார், பெயர் விஷயம் மட்டும் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்தப் பத்திரத்தில் இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று எழுதி, நோட்டரி முன்னால் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போட எப்போதும் ஐந்து நிமிஷம் ஆகும். அன்றைக்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பேரை எழுதட்டும்?" என்று கேட்டாள். நோட்டரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 'அம்மாள்' என்று சேர்த்து எழுதிக் கொடுத்தது அப்பா. அந்தக் காலத்தில் மரியாதைக்கு அப்படித்தான் எழுதுவார்கள். அதை விட்டுவிட்டு எழுதினால் அப்பா எழுதியதை அழித்த மாதிரி இருக்குமோ என்று யோசிக்கிறாள். "உனக்கு எது வருதோ அதை எழுதும்மா" என்றேன். 'அம்மாள்' சேர்த்தே எழுதினாள்.

இறந்த நாள் வரைக்கும் அப்பா பென்ஷன். மறுநாளிலிருந்து அம்மாவுடையது. ஜூன் 12இலிருந்து கணக்குப் போட்டு, நிலுவையோடு அக்டோபரில் வந்து சேர்ந்தது. நாலு மாதம். அந்த நாலு மாதமும் நானும் தம்பியும் பார்த்துக்கொண்டோம். பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் அரிசிக்கு என்ன செய்வார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலர் இறந்த தகவலைச் சொல்லாமல் ஏடிஎம் கார்டை வைத்து மாதாமாதம் முழுப் பென்ஷனை எடுத்துக்கொண்டிருப்பார்கள். செய்யாதீர்கள். கூடுதலாக எடுத்ததைப் பின்னால் அந்த அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்திலிருந்துதான் பிடிப்பார்கள். பிள்ளை செய்ததற்குத் தாய் அரைப் பணத்தில் குடித்தனம் நடத்த வேண்டியதாகும்.

எங்கள் வீட்டில் இந்தப் பணத்துக்கு இவ்வளவு பதற்றம் ஏன் என்றால், இதே ஒர்க்ஷாப்பில் வேலை செய்த ஒருவரின் மனைவி ஒரு பைசா பென்ஷன் இல்லாமல் வாழ்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது என் அப்பாயி.

தாத்தா தென்னிந்திய ரயில்வே காலத்து ஆள். ஒர்க்ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர். 1946 செப்டம்பர் 5 அன்று ரயில்வே தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டபோது சங்கத் திடலில் இருந்தவர். 1957 நவம்பரில் ரயில்வேக்குப் பென்ஷன் முறை வந்தபோது, அதற்குப் போகிறாயா, பழையபடி பிராவிடண்ட் ஃபண்டிலேயே இருக்கிறாயா என்று கேட்டார்கள். தாத்தா பி.எஃப்பிலேயே இருந்துவிட்டார். அத்தையைக் கட்டிக்கொடுக்க மொத்தப் பணம் வேண்டும். அன்றைக்கு மனைவிக்கு என்று இருந்த ஓய்வூதியமும் சில வருஷங்களோடு நின்றுவிடும். அவர் தப்பாக முடிவெடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மனைவிக்கு ஆயுசு முழுக்க வரும் குடும்ப ஓய்வூதியம் 1964 ஜனவரியில்தான் வந்தது. அவர் ரிட்டயர் ஆனது 1963.

பி.எஃப் பணம் அத்தை கல்யாணத்தோடு தீர்ந்தது. 1971இல் தாத்தா போனார். அதன்பின் அப்பாயி அப்பாவின் சம்பளத்தில்தான் இருந்தாள். நல்ல மருமகள், நல்ல மகன். இருந்தாலும் வெற்றிலை வாங்கக்கூடக் கை நீட்ட வேண்டும். கேட்காமல் இருப்பதற்காக வெற்றிலையையே விட்டுவிட்டாள் என்று அம்மா பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பி.எஃப்பில் இருந்தவர்களின் விதவைகளுக்குக் கருணைத்தொகை என்று மாதம் 150 ரூபாய், 1986 ஜனவரியிலிருந்து கணக்கிட்டுத் தர 1988இல் உத்தரவு வந்தது. அப்பாயிக்கு அது வந்து சேர இன்னும் ஒரு வருஷம் ஆனது. முதல் முறை பணம் வந்த அன்றைக்கு நான் ஸ்கூல் விட்டு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் சுருக்குப் பை. எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தாள். "என் காசு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. 1997 நவம்பரிலிருந்து அது 605 ஆனது. இரண்டு வருஷம்தான் அதை அனுபவித்தாள்.

1964க்கு முந்தைய காலத்துப் பென்ஷன்காரர்களின் மனைவிகளும் இப்படித்தான் விடப்பட்டிருந்தார்கள். புதுத் திட்டத்தில் சேரக் கணவன் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் அதற்கு முன்பே ஓய்வுபெற்றவர்கள் என்று காரணம். அந்த நிபந்தனை 1977 செப்டம்பரில் நீங்கியது. அப்போதும் பழைய விதவைகளுக்குக் கதவு திறக்கவில்லை. அவர்களில் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போய், 1985இல்தான், 1977 செப்டம்பர் 22இலிருந்து கணக்கிட்டுக் கிடைக்கும்படி வாங்கினார்கள். யாரோ முன்பின் தெரியாத சில வயதான பெண்கள் கோர்ட்டுப் படி ஏறியதால் எத்தனை ஊரில் எத்தனை அடுப்பு எரிந்திருக்கும்!

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னால், "அவரு உழைச்சாரு, அவரு காசு, நான் என்ன பண்ணேன்" என்பாள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. மே 8 முதல் 27 வரை, இருபது நாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. அக்கா கைக்குழந்தை. போலீஸ் வருகிறது என்று அப்பா கல்கண்டார்கோட்டைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி மிரட்டல். அம்மாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பணத்தில் ஒரு மாதம் கஞ்சி காய்ச்சினாள். போராட்டத்துக்குப் பின்னால் பலருக்கும் போட்ட மாதிரி அப்பாவுக்கும் சர்வீஸில் முறிவு போட்டார்கள். அது அப்படியே நின்றிருந்தால் பென்ஷன் கணக்கில் அதற்கு முந்தைய எட்டு வருஷமும் போயிருக்கும். 1977இல் புது அரசு வந்து அதை ரத்து செய்தது. அந்த மூன்று வருஷமும் அம்மா ஒரு நாள்கூட "ஏன் போகாம இருந்தீங்க" என்று கேட்கவில்லையாம். அப்பா இதை என்னிடம் சொன்னபோது அவருக்குக் குரல் அடைத்துக்கொண்டது.

முப்பத்து மூன்று வருஷம் காலை சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து டிபன் கேரியர் கட்டிக் கொடுத்தவள் அவள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் தூங்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரையும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டவள். கிரீஸ் படிந்த காக்கியைச் சோடா உப்பில் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் ரேகையே தேய்ந்துபோனது.

இதை அழகுக்காகச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப் போனபோது ரேகைக் கருவியில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ஒன்றுகூட ஏற்கவில்லை. சேவை மையத்துப் பையன் ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, எல்லாம் செய்து பார்த்தான். "ரேகையே இல்லீங்கக்கா" என்றான். அம்மா உள்ளங்கைகளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து என் போனிலேயே முகத்தைக் காட்டும் முறையில் செய்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். ஒரே தடவையில் முடிந்தது. ரேகை தேய்ந்த அம்மாக்கள் இருக்கும் வீட்டில் இந்த ஜீவன் பிரமாண் முக முறையைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நவம்பர் மாதம், எண்பது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம்.

வைத்தியம் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. அப்பா ரிட்டயர் ஆகும்போது மருத்துவத் திட்டத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்திருந்ததால் அம்மாவுக்கு அது ஆயுசுக்கும் தொடர்கிறது. பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில் யூமிட் கார்டை, அதாவது ரயில்வே மருத்துவ அடையாள அட்டையை, காட்டிச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கி வருகிறாள். ஆஸ்பத்திரி இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, அங்கே புறநோயாளியாகப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் மாதம் ஆயிரம் ரூபாய் மருத்துவப்படி உண்டு. நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம்.

அக்கா விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், அவள் எழுதச் சொன்னாள். அவள் கணவர் 2019இல் தவறிவிட்டார். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து அப்பா அம்மாவோடுதான் இருக்கிறாள். அம்மாவுக்குப் பிறகு விதவை மகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கல்யாணமாகாத மகளுக்கும் உண்டு, விவாகரத்தான மகளுக்கும் உண்டு. அவளுக்கென்று மாத வருமானம் 9,000மும் அதன் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே அவள் விதவையாகியிருக்க வேண்டும். மறுபடி கல்யாணம் செய்தால் நின்றுவிடும். இதற்கும் இப்போதே விண்ணப்பம் கொடுத்து அவள் பெயரைக் குடும்ப விவரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். அந்த விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்துப் போட்ட அன்று, அக்கா சமையற்கட்டுக்குள் போய் வெகு நேரம் வெளியே வரவில்லை.

இப்போது ரயில்வேயில் சேரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம். 2025 ஏப்ரலிலிருந்து ஒருங்கிணைந்த திட்டம் என்று ஒன்றும் வந்திருக்கிறது, அதில் ஓய்வுபெற்றவர் இறந்தால் மனைவிக்கு அவர் வாங்கியதில் 60 சதவீதம். என் மாணவன் ஒருவன் டிராக் மெயின்டெய்னராக விருத்தாசலம் பக்கம் இருக்கிறான். கல்யாணமாகி ஆறு மாதம். போன வாரம் பேசும்போது, "நாமினேஷன்ல பொண்டாட்டி பேரைச் சேத்துட்டியாடா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், இன்னும் அம்மா பேருதான் இருக்கு" என்றான். தண்டவாளத்தில் நிற்கும் வேலை. அன்றைக்கே மாற்றச் சொன்னேன். மாற்றியதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

இலவச ரயில் பாஸைப் பற்றி அம்மாவுக்கே தெரியாது. அப்பாவுக்கு வருஷத்துக்கு இரண்டு செட் இருந்தது, ஒரு செட் என்றால் போகவும் வரவும். அவர் போனதோடு அதுவும் போயிற்று என்று நினைத்திருந்தாள். மனைவிக்கு அதில் பாதி, வருஷத்துக்கு ஒரு செட் உண்டு. ஆபீஸ்களில் இன்னும் விதவை பாஸ் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. எழுபது வயசுக்காரி ஒருத்தி ஒவ்வொரு தடவை ரயிலேறும்போதும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு ஏன் போக வேண்டும்? முதல் பாஸில் ஈரோட்டில் இருக்கும் சின்னம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். நான் டிக்கெட் எடுத்துக் கூடப் போனேன். கரூர் தாண்டும் வரை பேசவே இல்லை. கொடுமுடி வந்தபோது வெளியே பார்த்துக்கொண்டே, "உங்கப்பாவோட வந்தா இங்க இறங்கி டீ வாங்கிட்டு, வண்டி நகரும்போதுதான் ஏறுவாரு. எனக்கு உசிரே போயிடும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஈரோட்டில் தங்கைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். நான் பணம் எடுக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டுத் தன் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள்.

எங்கள் பிபிஓவில் இப்போது பெயர் சரியாகிவிட்டது. பிறந்த தேதியும் ஏறிவிட்டது. அது நடந்தது தெருவில் தெரிந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டு பேர் பிளாஸ்டிக் கவரில் காகிதத்தோடு வருகிறார்கள். போன ஞாயிறு வந்தவர் பாய்லர் ஷாப்பில் இருந்தவர், வயது எண்பத்து நாலு. மனைவியையும் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாவின் பிறந்த தேதிக்கான இடம் அவர்கள் பிபிஓவிலும் காலி.

"எப்பம்மா பிறந்தீங்க?" என்று கேட்டேன்.

"அது என்னத்தத் தெரியும் டீச்சர். நாகப்பட்டினத்துல பெரும் புயல் அடிச்சுதே, ஒரு கார்த்திகை மாசம், அப்ப நான் தவழுற பிள்ளையாம். எங்காத்தா என்னை வயித்தோட கட்டிக்கிட்டு மாட்டுத் தொழுவத்துல உக்காந்திருந்துச்சாம்."

1952 நவம்பர் 30 புயல். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். 01.01.1952. ஆதாரும் வாக்காளர் அட்டையும் பான் கார்டும் பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்கப்படும் என்று சொல்லி, அவர் ஓய்வுபெற்ற அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். அவர் பேனாவை வாங்கி, கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை என்னிடம் கொடுக்காமல் மனைவி பக்கம் திருப்பி, "பாரு, இந்த இடத்துல உன் தேதி வரப்போவுது" என்று காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படிக்கத் தெரியாத அந்த வரியைக் குனிந்து பார்த்தார்.